ஃப்ளூ காய்ச்சலுக்கு மருத்துவரை வீட்டுக்கு வரவழைத்தல்

சிவகாசியை ஒட்டிய நாரணாபுரத்தில் ஃப்ளூ காய்ச்சல் மழையோடு வருகிறது. காஷ்மீரில் இந்தக் காய்ச்சல் ஜனவரி முதல் மார்ச் வரையிலான கடுங்குளிரில் உச்சம் தொடும். தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை பெய்யும் அக்டோபர், நவம்பர், டிசம்பர் மாதங்களில்தான் அதிகம். தீபாவளி முடிந்து பட்டாசு ஆபீஸ்கள், அதாவது பட்டாசு ஆலைகள், மூடியிருக்கும் வாரங்களும் இந்த மாதங்களில்தான் வரும். பெரியவர்களும் பிள்ளைகளும் வீட்டுக்குள் இருக்கிறார்கள். சாரலுக்காக ஜன்னல்கள் சாத்தப்படுகின்றன. ஒருவருக்குத் தொற்றினால் 1 முதல் 4 நாட்களுக்குள் வீட்டில் அடுத்தவரும் படுப்பது இதனால்தான்.

டெங்கு கொசு பெருகுவதும் இதே மாதங்களில்தான். முதல் இரண்டு நாட்களில் இரண்டு காய்ச்சலும் ஒன்றுபோலவே தோன்றக்கூடும். அதனால் வீட்டில் இருப்பவர்கள் நோயின் பெயரை முடிவு செய்ய முயல வேண்டாம். காய்ச்சலை அளப்பது, யாருக்கு மருத்துவர் தேவை என்று பிரிப்பது, சரியான ஆளைச் சரியான நேரத்தில் அழைப்பது ஆகிய மூன்றும் அவர்களால் ஆகக்கூடியவை. இந்த அத்தியாயம் அந்த வரிசையில் செல்கிறது.

1. முதலில் பிரித்தறிதல்: வீடா, மருத்துவரா, ஆம்புலன்ஸா?

பன்றிக் காய்ச்சல் என்று அறியப்பட்ட எச்1என்1 பரவியபோது மத்திய சுகாதார அமைச்சகம் நோயாளிகளை ஏ, பி, சி என மூன்று பிரிவாக்கி வழிகாட்டியது. வீட்டில் முடிவெடுக்கவும் அந்தப் பிரிவினை உதவும்.

ஏ பிரிவு: லேசான காய்ச்சல், இருமல், தொண்டை வலி, உடம்பு வலி. நோயாளி மற்றபடி ஆரோக்கியமானவர், சாப்பிடுகிறார், நடக்கிறார். இவருக்கு ஓய்வும் நீராகாரமும் போதும். மருத்துவர் வீட்டுக்கு வர வேண்டியதில்லை. ஆனால் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் நிலைமையை மறுபடி சரிபார்க்க வேண்டும்.

பி பிரிவு: கடும் காய்ச்சலும் கடுமையான தொண்டை வலியும் உள்ளவர்கள். லேசான காய்ச்சலே ஆனாலும் ஆபத்து அதிகமுள்ளவர்கள் இந்தப் பிரிவில்தான் வருவார்கள்: 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைகள், கர்ப்பிணிகள், 65 வயதைத் தாண்டியவர்கள், சர்க்கரை நோய், ஆஸ்துமா, நாள்பட்ட நுரையீரல் நோய், இதய நோய், சிறுநீரக நோய், கல்லீரல் நோய் உள்ளவர்கள், ஸ்டீராய்டு மருந்தை நீண்ட நாள் எடுப்பவர்கள். இவர்களை மருத்துவர் பார்த்தே ஆக வேண்டும். கிளினிக் வரை வர இயலாதவருக்கு வீட்டுக்கு வரும் மருத்துவர் பெரும் துணை.

சி பிரிவு: கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் மருத்துவர் வீட்டுக்கு வருவார் என்று காத்திருக்கக் கூடாது, உடனே 108 ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும்.

- மூச்சுத் திணறல், பேச முடியாமல் மூச்சு வாங்குதல்
- நெஞ்சு வலி
- மயக்கம், குழப்பமான பேச்சு, எழுப்பினாலும் கண் திறக்காத உறக்கம்
- சளியில் ரத்தம்
- உதடு, நகம் நீலம் பாய்தல்
- கை கால் சில்லிட்டுப் போதல், பல மணி நேரம் சிறுநீர் கழியாமை
- வலிப்பு
- குழந்தை பால் குடிக்க மறுத்தல், ஓயாமல் சிணுங்குதல், மூச்சு இழுக்கும்போது விலா எலும்புக்குக் கீழே குழி விழுதல்
- தாங்க முடியாத வயிற்று வலி, விடாத வாந்தி, பல் ஈறிலோ மூக்கிலோ ரத்தக் கசிவு (டெங்கு முற்றுவதன் அறிகுறிகள்)

இந்த நிலையில் உள்ளவருக்கு ஆக்சிஜன், நரம்பு வழி மருந்து, எக்ஸ்ரே தேவைப்படலாம். மருத்துவரின் பையில் அவை இருக்காது. வீட்டுக்கு வந்து அவர் சொல்லப்போவதும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்பதைத்தான். அதற்குள் ஒரு மணி நேரம் வீணாகியிருக்கும்.

குறிப்பு: பட்டாசு மருந்துக் கலவையிலும் தூசியிலும் பல ஆண்டு வேலை செய்தவருக்கு ஏற்கெனவே இருமலும் இழுப்பும் இருந்தால், வயது 40 ஆனாலும் அவரைப் பி பிரிவிலேயே வைக்க வேண்டும். “இது எப்பவும் உள்ள இருமல்தான்” என்று அவரே ஒதுக்கிவிடுவார். வழக்கமான இருமலோடு காய்ச்சல் சேர்ந்தால் அது வழக்கமான இருமல் இல்லை.

2. அழைக்கும் முன் அளக்க வேண்டியவை

போனில் “காய்ச்சல் நெருப்பா கொதிக்குது” என்று சொன்னால் மருத்துவரால் எதையும் முடிவு செய்ய முடியாது. கீழ்க்கண்டவற்றை 10 நிமிடத்தில் அளந்து ஒரு தாளில் எழுதிக்கொள்ள வேண்டும்.

1. காய்ச்சல். டிஜிட்டல் தெர்மாமீட்டரை அக்குளில் வைத்து, ஒலி வரும்வரை காத்திருந்து பார்க்க வேண்டும். 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டும் அதற்கு மேலும் காய்ச்சல். புறங்கையை நெற்றியில் வைத்துப் பார்ப்பது அளவாகாது.

2. மூச்சு எண்ணிக்கை. நோயாளி அமைதியாக இருக்கும்போது, மார்போ வயிறோ ஏறி இறங்குவதைக் கடிகாரம் பார்த்து முழு 60 நொடி எண்ண வேண்டும். 15 நொடி எண்ணி நான்கால் பெருக்குவது குழந்தைகள் விஷயத்தில் தவறாகிவிடும். பிறந்து 2 மாதம் ஆகாத குழந்தைக்கு நிமிடத்துக்கு 60, 2 மாதம் முதல் ஒரு வயது வரை 50, ஒரு வயது முதல் 5 வயது வரை 40 என்ற அளவை எட்டினால் அது வேகமான மூச்சு. அன்றே மருத்துவர் பார்க்க வேண்டும். 2 மாதம் ஆகாத குழந்தைக்குக் காய்ச்சல் வந்தாலே நேரே ஆஸ்பத்திரி. பெரியவர்களுக்கு 24ஐத் தாண்டினால் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். 30ஐ எட்டினால் 108ஐ அழைக்க வேண்டும்.

3. ஆக்சிஜன் அளவு. வீட்டில் ஆக்சிமீட்டர் இருந்தால், நோயாளி ஐந்து நிமிடம் உட்கார்ந்து ஓய்வெடுத்த பிறகு விரலில் மாட்டி, எண் நிலையாக நிற்கும்வரை பார்க்க வேண்டும். 94க்குக் கீழே இறங்கினால் ஆஸ்பத்திரி. மருதாணி, நகப்பூச்சு, அலுமினியப் பொடியின் கறை, சில்லிட்ட விரல் ஆகியவை எண்ணைப் பிசகச் செய்யும். சோப்புப் போட்டுக் கையைக் கழுவி, தேய்த்துச் சூடாக்கி, கறை இல்லாத விரலில் மாட்ட வேண்டும். எண் நன்றாக இருந்தும் நோயாளி மூச்சுக்குத் திணறினால் எண்ணை நம்பக் கூடாது; கண் முன்னே இருக்கும் ஆளை நம்ப வேண்டும்.

4. காய்ச்சல் தொடங்கிய நாளும் நேரமும். இந்த ஒரு விவரத்தில்தான் மருந்தின் பலன் அடங்கியிருக்கிறது. ஃப்ளூவுக்கான ஓசல்டாமிவிர் மருந்து, காய்ச்சல் தொடங்கிய 48 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால் அதிகப் பலன் தரும்.

5. குடித்த நீர், கழித்த சிறுநீர். கடைசியாகச் சிறுநீர் எப்போது போனது, நிறம் எப்படி இருந்தது என்று குறிக்க வேண்டும்.

6. ஏற்கெனவே உண்ணும் மாத்திரைகள். அட்டையைப் பார்த்துப் பெயரும் அளவும் எழுத வேண்டும். கடையில் வாங்கிய மாத்திரை, நிலவேம்புக் குடிநீர், இன்ஹேலர் எல்லாம் இதில் சேரும். எந்த மருந்தாவது ஒவ்வாமல் போயிருந்தால் அதைத் தாளின் தலைப்பிலேயே எழுத வேண்டும்.

3. யாரை அழைப்பது: வரிசை

1. குடும்பம் வழக்கமாகப் பார்க்கும் மருத்துவர். நோயாளியின் சர்க்கரை, ரத்த அழுத்தம் எல்லாம் தெரிந்தவர் என்பதால் இவருக்கே முதல் அழைப்பு. கிளினிக் நடத்தும் மருத்துவர்கள் பெரும்பாலும் காலை ஓ.பி. முடிந்த மதியத்திலோ, மாலை ஓ.பி. முடிந்த இரவிலோதான் வெளியே வர முடியும். ஆகவே காலை 10 மணிக்குள் கேட்டுவிட்டால் அன்றைக்கே வருவதற்கு வாய்ப்பு அதிகம்.

2. ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) மருத்துவர். பட்டாசு, தீப்பெட்டி, அச்சகத் தொழிலாளர்களில் ஈ.எஸ்.ஐ. அட்டை உள்ளவர்கள் தங்களுக்கு ஒதுக்கப்பட்ட மருந்தகத்தையோ சிவகாசி ஈ.எஸ்.ஐ. மருத்துவமனையையோ அணுகலாம். 1948ஆம் ஆண்டின் ஈ.எஸ்.ஐ. சட்டம் மருத்துவப் பலனை விவரிக்கும் 56ஆம் பிரிவிலேயே, காப்பீடு பெற்றவரின் வீட்டுக்குச் சென்று பார்ப்பதையும் அதன் ஒரு வடிவமாகச் சொல்லியிருந்தது. எழுந்து வர முடியாத நோயாளி என்றால் மருந்தகத்தில் இதைக் கேட்கலாம். அன்றே வர இயலாது என்று தெரிந்தால் அடுத்த வழிக்குச் செல்ல வேண்டும்.

3. கிராம சுகாதார செவிலியர். அரசு ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர் ஓ.பி.யை விட்டு வீடு வீடாக வருவது எளிதில்லை. ஆனால் செவிலியருக்கு ஊரின் கர்ப்பிணிகளையும் கைக்குழந்தைகளையும் தெரியும். அவர் சொன்னால் மருத்துவரின் கவனம் விரைவில் கிடைக்கும். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் பெண் தன்னார்வலர் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரையோடு வீட்டுக்கு வருபவர். காய்ச்சலுக்கு மருந்து தருவது அவர் வேலையன்று. ஆனாலும் வீட்டில் படுத்திருக்கும் முதியவரைப் பற்றி அவரிடம் சொல்லி வைத்தால் செய்தி சுகாதார நிலையம் வரை போகும்.

4. 104. அரசின் இலவச மருத்துவ ஆலோசனைத் தொலைபேசி. நள்ளிரவில் “இது ஆஸ்பத்திரிக்குப் போகும் நிலையா?” என்ற கேள்விக்கு விடை வேண்டுமானால் இங்கே கேட்கலாம்.

5. இ-சஞ்சீவனி. மத்திய அரசின் இலவசக் காணொலி மருத்துவ சேவை. இந்தியாவில் தொலை மருத்துவத்துக்கான நெறிமுறைகள் 2020 மார்ச் 25 அன்று வெளியாயின. அவற்றின்படி மருத்துவர் காணொலியில் பார்த்துத் தரும் மருந்துச் சீட்டைக் கடையில் காட்டி மருந்து வாங்கலாம். கைபேசி எண்ணைப் பதிந்து, வரும் ரகசிய எண்ணை இட்டு, நோயாளியின் விவரத்தைத் தந்தால் வரிசை எண் கிடைக்கும். சேவை இயங்கும் நேரத்தை முன்கூட்டியே பார்த்து வைக்க வேண்டும்.

ஒரே தெருவில் பல வீடுகளில் காய்ச்சல் என்றால் ஒவ்வொருவரும் தனித்தனியே மருத்துவரைத் தேட வேண்டாம். ஊராட்சி வழியாகவோ சுகாதார ஆய்வாளர் வழியாகவோ காய்ச்சல் முகாம் கேட்கலாம். எச்3என்2 வகை ஃப்ளூ பரவிய 2023இல், மார்ச் 10 அன்று தமிழகமெங்கும் 1000 இடங்களில் இத்தகைய முகாம்கள் நடத்தப்பட்டன. மருத்துவர், மருந்து, பரிசோதனை மூன்றும் தெருவுக்கே வரும் வழி இது.

எச்சரிக்கை: வீட்டுக்கு வருகிறார் என்பதற்காக யாரையும் மருத்துவர் என்று எண்ணிவிடக் கூடாது. மருத்துவர்கள் தங்கள் பதிவு எண்ணைக் கிளினிக்கில் மாட்டி வைக்கவும் மருந்துச் சீட்டில் குறிப்பிடவும் வேண்டும் என்பது 2002ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை. சீட்டே எழுதாமல் ஊசி மட்டும் போட்டுவிட்டுப் போகிறவரிடம் குடும்பத்தை ஒப்படைப்பது ஆபத்து. மெடிக்கல் கடைக்காரரும் கம்பவுண்டரும் எவ்வளவு அனுபவசாலிகள் ஆனாலும் மருத்துவருக்கு மாற்றாக மாட்டார்கள்.

4. போனில் கேட்கும் முறை

1. பேசுகிறவர் நோயாளியின் பக்கத்தில் இருந்து, அளந்து எழுதிய தாளைக் கையில் வைத்துக்கொண்டு பேச வேண்டும். வெளியூரில் இருக்கும் மகனோ மகளோ பேசினால் மருத்துவர் கேட்கும் அடுத்த கேள்விக்குப் பதில் இருக்காது.
2. ஊர், நோயாளியின் வயது, பழைய நோய் ஆகியவற்றை முதலில் சொல்ல வேண்டும்.
3. காய்ச்சல் தொடங்கிய நேரம், அளவுகள், ஆபத்து அறிகுறி இருக்கிறதா இல்லையா என்பது அடுத்தது.
4. கிளினிக்குக் கொண்டுவர முடியாத காரணத்தை ஒரு வரியில் சொல்ல வேண்டும்.
5. இவற்றைச் சொன்ன பின் கேட்க வேண்டியது: “நீங்கள் வருவதா, நாங்கள் வருவதா?” முடிவை மருத்துவரிடம் விட வேண்டும்.

பேச்சு இப்படி அமையலாம்:

“வணக்கம் டாக்டர். நாரணாபுரத்துல இருந்து பேசுறேன். அம்மாவுக்குச் சுகருக்கு உங்ககிட்டதான் பாக்குறோம், வயசு 68. நேத்துச் சாயந்தரம் அஞ்சு மணில இருந்து காய்ச்சல். காலையில 102, இப்ப 101. வறட்டு இருமல், உடம்பு வலி. மூச்சு நிமிஷத்துக்கு 20, ஆக்சிஜன் 96. நெஞ்சு வலி, மயக்கம் இல்ல. கஞ்சி குடிக்கிறாங்க, ஒண்ணுக்குப் போறாங்க. எந்திரிச்சு நடந்து வர முடியல. நாங்க கூட்டிட்டு வரணுமா, இல்ல ஓபி முடிஞ்சு நீங்க வந்து பாக்க முடியுமா?”

இந்த அளவு தெளிவாகச் சொல்லப்பட்டால், வர முடியாத மருத்துவரும் அடுத்த ஆறு மணி நேரத்துக்கு என்ன செய்வது என்று சொல்ல முடியும்.

6. வருவதாகச் சொன்னால் கட்டணம் எவ்வளவு என்று அப்போதே கேட்டுவிட வேண்டும். இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. பணம் எடுக்க ஏ.டி.எம். தேடி ஓடும் நேரத்தை இது மிச்சப்படுத்தும்.
7. எத்தனை மணிக்கு வருவார் என்று கேட்டு, அதற்கு ஒரு மணி நேரம் பின்னான ஒரு நேரத்தைக் கெடுவாகக் குறித்துக்கொள்ள வேண்டும். அந்தக் கெடு தாண்டினால் செய்வது பகுதி 8இல் உள்ளது.

5. மருத்துவர் வருமுன் வீட்டில் செய்வது

1. வழிகாட்ட ஆள். தெருப் பெயரோடு ஊரறிந்த ஓர் அடையாளத்தையும் சொல்ல வேண்டும்: கோயில், மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டி, ரேஷன் கடை. மழை இரவு என்றால் ஒருவர் குடையோடும் டார்ச்சோடும் தெரு முனையில் நிற்பது நல்லது. வாசலில் நாய் இருந்தால் கட்டி வைக்க வேண்டும்.
2. காற்றும் வெளிச்சமும். நோயாளியை ஜன்னல் உள்ள அறையில் படுக்க வைத்து, சாரல் படாத பக்கத்து ஜன்னலைத் திறக்க வேண்டும். சாம்பிராணி, ஊதுவத்தி, கொசுவத்திப் புகை அந்த அறையில் கூடாது, இருமலைக் கூட்டும். கொசுவைத் தடுக்க வலை போதும்.
3. அறையைக் காலி செய்தல். காகிதக் குழாய், அட்டை போன்ற வேலைச் சரக்கு வீட்டில் இருந்தால் நோயாளியின் அறையிலிருந்து வெளியே எடுக்க வேண்டும். பட்டாசோ வெடி மருந்தோ எந்த வீட்டிலும் எந்த அறையிலும் இருக்கக் கூடாது. நோயாளிக்கு அடுப்பு, விளக்கு, வெந்நீர் என்று நெருப்பு அதிகம் புழங்கும் நாட்கள் இவை.
4. கை கழுவும் இடம். ஒரு வாளித் தண்ணீர், சோப்பு, துவைத்த துண்டு. ஒரு நாற்காலி.
5. முகக்கவசம். நோயாளிக்கும் கூட இருப்பவருக்கும். மூச்சுத் திணறுபவருக்கும் சின்னக் குழந்தைக்கும் முகக்கவசம் கட்டக் கூடாது.
6. மேசையில் வைக்க வேண்டியவை. அளவுத் தாள், பழைய மருந்துச் சீட்டுகள், கடைசி ரத்தப் பரிசோதனை முடிவு, உண்ணும் மாத்திரைகள், கர்ப்பிணி என்றால் தாய்-சேய் நல அட்டை.
7. ஒருவர் மட்டும் அறையில். உறவினர்கள் கூடி நின்றால் தொற்றும் பரவும், மருத்துவர் ஸ்டெதாஸ்கோப்பில் கேட்கவும் முடியாது.

6. மருத்துவர் பார்க்கும்போது

மருத்துவர் வெப்பம், நாடி, மூச்சு, ரத்த அழுத்தம், ஆக்சிஜன் அளவு பார்த்து, முதுகில் ஸ்டெதாஸ்கோப் வைத்து நுரையீரலின் ஓசையைக் கேட்பார். நோயாளி இடைமறிப்பு இல்லாமல் பேசட்டும். விட்டுப்போனதைக் கூட இருப்பவர் கடைசியில் சேர்த்துச் சொல்லலாம். பட்டாசு ஆபீசில் என்ன வேலை, எத்தனை ஆண்டு என்பதைக் கேட்காவிட்டாலும் சொல்ல வேண்டும். நெஞ்சில் கேட்கும் ஓசைக்கு அது ஒரு காரணமாக இருக்கலாம்.

அவர் கிளம்பும் முன் ஐந்து கேள்விகள்:

1. ஓசல்டாமிவிர் தேவையா? பி பிரிவில் உள்ள ஆபத்து அதிகமானவர்களுக்குப் பரிசோதனை முடிவுக்குக் காத்திராமலே இதைத் தொடங்கலாம் என்பது அமைச்சகத்தின் வழிகாட்டுதல்.
2. டெங்குவுக்கு ரத்தம் பார்க்க வேண்டுமா, எந்த நாளில்? என்எஸ்1 பரிசோதனை முதல் ஐந்து நாட்களில்தான் நன்றாகக் காட்டும். நோயாளியால் நகர முடியாவிட்டால் லேபிலிருந்து வீட்டுக்கு வந்து ரத்தம் எடுப்பார்களா என்று விசாரிக்கலாம்.
3. சர்க்கரை, ரத்த அழுத்த மருந்துகளை அப்படியே தொடர்வதா? சாப்பாடு குறைந்த நாளில் சர்க்கரை மருந்தின் அளவை மருத்துவரே சொல்ல வேண்டும்.
4. எந்த அறிகுறி கண்டால் ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும்?
5. அடுத்து எப்போது, எந்த எண்ணில் தகவல் சொல்ல வேண்டும்?

மருந்தின் பெயர், அளவு, எத்தனை வேளை, எத்தனை நாள் என்பதை வாய்விட்டுப் படித்துக் காட்டச் சொல்லி, மாத்திரை அட்டையிலேயே “காலை - இரவு” என எழுதிக்கொண்டால் பிறகு குழப்பம் வராது.

7. வழக்கமாக நேரும் தவறுகள்

“ஒரு ஊசி போட்டுவிடுங்கள்” என்று வற்புறுத்துவது. ஃப்ளூ வைரஸால் வருவது. அதை ஒரே நாளில் விரட்டும் ஊசி இல்லை. வலிக்குப் போடும் டைக்ளோஃபினாக் ஊசி, காய்ச்சல் டெங்குவாக இருந்தால் ரத்தக் கசிவைக் கூட்டும். ஊசி வேண்டாம் என்று சொல்லும் மருத்துவர் நோயாளியின் நன்மைக்காகவே அப்படிச் சொல்கிறார்.

ஆஸ்பிரின், இப்யூபுரூஃபன் வாங்கிக் கொடுப்பது. மழைக்காலக் காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் ஒன்றே பாதுகாப்பானது. ஃப்ளூ வந்த குழந்தைக்கு ஆஸ்பிரின் கொடுத்தால் மூளையையும் ஈரலையும் தாக்கும் ரேஸ் நோய் வர வாய்ப்புண்டு. இதய நோய்க்காக ஏற்கெனவே ஆஸ்பிரின் எடுப்பவர் தானாக நிறுத்தக் கூடாது. மருத்துவரிடம் கேட்க வேண்டும்.

பாராசிட்டமாலை இரட்டிப்பாக்குவது. கடையில் “சளி மாத்திரை” என்று தருவதில் பெரும்பாலும் பாராசிட்டமால் கலந்திருக்கும். அதோடு தனிப் பாராசிட்டமாலும் சேர்ந்தால் அளவு மிஞ்சி ஈரல் கெடும். பெரியவர்களுக்கு ஒரு வேளைக்கு 500 அல்லது 650 மில்லிகிராம், இரண்டு வேளைக்கு நடுவே ஆறு மணி நேரம், ஒரு நாளைக்கு நான்கு வேளைக்கு மேல் இல்லை. ஈரல் நோய் உள்ளவர்களுக்கும் தினமும் மது அருந்துபவர்களுக்கும் இதிலும் குறைவு. மருத்துவர் சொல்லும் அளவே. குழந்தைக்கு எடை பார்த்து, கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம். சொட்டு மருந்தும் சிரப்பும் வீரியத்தில் வேறுபடும். ஒன்றின் அளவுமூடியால் மற்றதை ஊற்றக் கூடாது.

சளி மாத்திரையும் ரத்த அழுத்தமும். மூக்கடைப்புக்கான ஃபினைல்எஃப்ரின் கலந்த மாத்திரை ரத்த அழுத்தத்தை ஏற்றும். ரத்த அழுத்தம் உள்ளவர்கள் கடையில் அதைச் சொல்லியே வாங்க வேண்டும்.

மீந்த ஆன்டிபயாடிக்கை எடுத்துக்கொள்வது. போன வருடச் சீட்டைக் காட்டி வாங்குவதும் இதே தவறுதான். வைரஸ் மீது அது வேலை செய்யாது.

கொதிநீரில் ஆவி பிடிப்பது. போர்வைக்குள் பாத்திரம் கவிழ்ந்து தொடை வெந்துபோகும் விபத்துகள் நேர்கின்றன. குழந்தைகளுக்கு வேண்டவே வேண்டாம். பெரியவர்கள் பிடித்தே ஆக வேண்டும் என்றால் பாத்திரம் தரையில் அசையாமல் இருக்க வேண்டும்.

ஓசல்டாமிவிரைப் பாதியில் நிறுத்துவது. பெரியவர்களுக்கு வழக்கமான அளவு 75 மில்லிகிராம், நாளைக்கு இரண்டு வேளை, ஐந்து நாள். காய்ச்சல் விட்டாலும் ஐந்து நாளும் முடிக்க வேண்டும். குமட்டினால் சாப்பாட்டுக்குப் பின் எடுக்கலாம்.

8. மருத்துவர் வர முடியாமல் போனால்

1. குறித்த கெடு தாண்டியதும் ஒரு முறை போன் செய்து கேட்க வேண்டும்.
2. அந்த இடைவெளியில் வெப்பம், மூச்சு, ஆக்சிஜன் மூன்றையும் மறுபடி அளக்க வேண்டும்.
3. அளவுகள் மாறாமல் இருந்தால் இ-சஞ்சீவனி அல்லது 104 வழியாக ஆலோசனை பெற்று, காலையில் நோயாளியை ஆட்டோவில் கிளினிக்கிற்கோ அரசு மருத்துவமனைக்கோ கொண்டுபோகலாம்.
4. அளவு ஒன்று கெட்டாலும் காலை வரை பொறுக்கக் கூடாது, 108.

108க்கு அழைக்கும்போது ஊர், தெரு, அடையாளம், நோயாளியின் வயது, மூச்சு நிலை ஆகியவற்றைச் சொல்லி, கேள்விகள் முடியும்வரை இணைப்பைத் துண்டிக்காமல் இருக்க வேண்டும். 2008 செப்டம்பர் முதல் தமிழ்நாட்டில் இயங்கும் இந்தச் சேவைக்குக் கட்டணம் கிடையாது. வண்டி வரும்வரை மூச்சு வாங்குபவரைத் தலையணை முட்டுக் கொடுத்துச் சாய்ந்து உட்கார வைக்க வேண்டும். மயங்கியவரை ஒருக்களித்துப் படுக்க வைத்து, வாயில் தண்ணீர் ஊற்றாமல் இருக்க வேண்டும். நோயாளியை இரு சக்கர வண்டியில் நடுவில் உட்கார வைத்துக் கொண்டுபோகக் கூடாது; வழியில் மயங்கிச் சரிந்தால் உயிருக்கே ஆபத்து.

9. அடுத்த ஏழு நாட்கள்

முதல் 48 மணி நேரம்: ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை வெப்பம், மூச்சு, ஆக்சிஜன், குடித்த அளவு, சிறுநீர் ஆகியவற்றை அதே தாளில் தொடர்ந்து எழுத வேண்டும். கஞ்சி, இளநீர், மோர், ரசம், உப்பு-சர்க்கரைக் கரைசல் எதுவானாலும் சிறுகச் சிறுக அடிக்கடி. சர்க்கரை நோயாளிகளுக்கு இளநீரையும் இனிப்புக் கரைசலையும் மருத்துவரைக் கேட்டே கொடுக்க வேண்டும்.

3 முதல் 7ஆம் நாள்: காய்ச்சல் விடும் நேரம்தான் கவனம் கூட வேண்டிய நேரம். டெங்குவில் வயிற்று வலி, வாந்தி, ரத்தக் கசிவு, சோர்வு போன்ற ஆபத்தான மாற்றங்கள் காய்ச்சல் இறங்கும்போதுதான் தலைகாட்டும். ஃப்ளூவிலும் காய்ச்சல் விட்டு ஒன்றிரண்டு நாள் கழித்து மறுபடி ஏறி, இருமலும் மஞ்சள் சளியும் கூடினால் அது நிமோனியாவாக இருக்கலாம். இரண்டிலும் மருத்துவரை மறுபடி அழைத்தே ஆக வேண்டும்.

வீட்டில் மற்றவர்கள்: நோயாளிக்குத் தனிப் பாய், தனித் தட்டு, தனி டம்ளர். பார்த்துக்கொள்ள ஒரே ஆள். அவர் கர்ப்பிணியாகவோ முதியவராகவோ இல்லாமல் இருப்பது நல்லது. தாய்ப்பால் கொடுப்பவர் முகக்கவசம் கட்டிக் கை கழுவிக் கொடுக்கலாம். பாலை நிறுத்த வேண்டாம்.

10. வேலைக்குத் திரும்புதல்

மாத்திரை இல்லாமலே காய்ச்சல் விட்டு 24 மணி நேரம் ஆன பிறகுதான் வெளியே போக வேண்டும். ஆபீஸ் பஸ்ஸில் நெருக்கியடித்து ஏறும்போது ஒருவரின் இருமல் பலருக்கு நோயாகும்.

பட்டாசு ஆபீசில் வேலை செய்பவருக்கு இன்னொரு விதியும் உண்டு. இருமல் சிரப்பும் சளி மாத்திரையும் தூக்கத்தைக் கொண்டுவரும். கண் சொக்கும் நிலையில், கை நடுங்கும் நிலையில் வெடி மருந்து கலக்கும் அறைக்குள் யாரும் நுழையக் கூடாது. அங்கே ஒருவரின் தடுமாற்றம் அவரோடு நிற்பதில்லை. அந்த நாட்களில் கூலி போனாலும் வீட்டில் இருப்பதே சரி. போர்மேனிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

ஈ.எஸ்.ஐ. உள்ளவர்களுக்கு நோய்க்கால உதவித்தொகை உண்டு. ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் 78 நாட்களுக்காவது சந்தா செலுத்தப்பட்டிருந்தால், சராசரி நாள் கூலியில் 70 சதவீதம், ஆண்டுக்கு 91 நாட்கள் வரை கிடைக்கும். முதல் இரண்டு நாட்களுக்குப் பணம் இல்லை. ஈ.எஸ்.ஐ. மருத்துவரின் சான்று தேவை என்பதால், தனியார் மருத்துவர் வீட்டுக்கு வந்து பார்த்திருந்தாலும் அவருடைய சீட்டோடு ஈ.எஸ்.ஐ. மருந்தகத்துக்கு முதல் நாளிலேயே தகவல் கொடுத்துவிட வேண்டும்.

11. மழைக்கு முன்பே முடித்து வைக்க வேண்டியவை

- குடும்ப மருத்துவர், கிராம சுகாதார செவிலியர், ஈ.எஸ்.ஐ. மருந்தகம், ஆட்டோக்காரர் ஆகியோரின் எண்களோடு 104, 108 இரண்டையும் ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டுதல். கைபேசி அணைந்துபோன இரவில் இது உதவும்.
- டிஜிட்டல் தெர்மாமீட்டர், முடிந்தால் ஆக்சிமீட்டர், பாராசிட்டமால் ஒரு அட்டை, உப்பு-சர்க்கரைக் கரைசல் பொட்டலம் நான்கு.
- ஆபத்து அதிகமுள்ளவர்களுக்கு ஃப்ளூ தடுப்பூசி பற்றி மருத்துவரிடம் கேட்டல். வைரஸ் மாறிக்கொண்டே இருப்பதால் இதை ஒவ்வோர் ஆண்டும் போட வேண்டும்; போட்ட இரண்டு வாரத்தில் பலன் தொடங்கும். ஆகவே தீபாவளிக்கு முன்பே போட்டுவிடுவது நல்லது.
- வீட்டைச் சுற்றித் தேங்கும் நீரை வாரம் ஒரு முறை கவிழ்த்துக் கொட்டுதல்.